தாழந்தீவின் உயரம்

ஏழாவது சிலுவையையும் தரையில் அறைந்து முடித்தபோது ஷைஜாவுக்கு முழங்கால்வரை சேறு. செத்தவர் யாருமில்லை. ட்ரோன் படம் பிடிக்கும்போது மேலேயிருந்து தெரிவதற்காக, வெள்ளைத் தகட்டில் வெட்டிய அடையாளங்கள் அவை.

காட்டுக்குள் போட்டால் மரம் மறைத்துவிடும் என்று தீவைச் சுற்றிச் சேற்றோரமாகப் போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் கிடக்கிறது என்று சென்டிமீட்டர் பிசகாமல் அளந்து குறித்துக்கொண்டாள். அந்த ஏழு உயரங்களை வைத்துத்தான் கம்ப்யூட்டர் தீவின் மற்ற உயரங்களையெல்லாம் கணக்கிடும்.

கரையிலிருந்து வள்ளத்தில் ஒரு மணி நேரம். தாழையும் கொசுவும் தவிரத் தீவில் வேறு குடிமக்கள் கிடையாது. இதன் மேடுபள்ளத்தை வரைபடமாக்கி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் ஷைஜாவுக்கு வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் அம்மா பார்த்துவைத்திருக்கும் துபாய் மாப்பிள்ளை நிரந்தரம்.

வள்ளக்காரர் ஏசுஅடிமை ஒவ்வொரு சிலுவையின் முன்னாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"குரிச ஆராவது சேத்துல போடுவாவளா மக்கா?"

"அது ஒங்களுக்கு வெளங்காது அண்ணாச்சி."

படித்தவர்களுக்கு இந்தப் பதில் ரொம்ப வசதி. ஷைஜாவும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை.

கிளம்புகிற நேரத்தில் குடையை மறந்துவிட்டாள். எடுத்துவரப் போன ஏசுஅடிமை முக்கால் மணி நேரம் கழித்து, இடுப்புவரை சேறும் முகம் நிறையச் சிரிப்புமாக வந்தார். குடை நனையாமல் இருந்தது.

புதன்கிழமை வள்ளத்தில் இருந்தபடியே ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். ராத்திரி லாட்ஜ் அறையில் கம்ப்யூட்டர் காட்டிய வரைபடத்தில் மேடெல்லாம் கடல்மட்டத்தில் இருந்தது, மற்றதெல்லாம் கடலுக்கு அடியில். அதன்படி பார்த்தால் தாழந்தீவு என்று ஒரு தீவே கிடையாது.

ட்ரோன் ஓட்டிய ஜெபிஷைப் பிடித்து ஏசினாள். அவன் பைபிள்மேல் சத்தியம் செய்தான். மூன்று தடவை கணக்கை ஓட்டினார்கள். மூன்று தடவையும் தீவு மூழ்கியது.

வியாழக்கிழமை சாயங்காலம், இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று கடற்கரைக்கு ஓடினார்கள். ஜெபிஷின் வேலைக்கு உலை வைக்கும் புகார்க் கடிதம் ஷைஜாவின் பையில் தயாராக இருந்தது. அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்த ஏசுஅடிமைக்கு மனசு கேட்கவில்லை.

"பேடிக்காத மக்கா, கர்த்தர் கைவிடமாட்டாரு. சேத்துல கெடந்த குரிசு ஏழையும் நான் அண்ணைக்கே மேட்டுல எடுத்து வச்சிட்டேன்."