சத்தமில்லாத இறக்கை

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சுகிர்தாவும் கணவன் ஜெபசிங்கும் சண்டையைக்கூட அப்படித்தான் நிறுத்துவார்கள். இரைச்சல் அடங்குவதற்குள் கோபமும் பாதி அடங்கிவிடும்.

ஆய்வுக்கூடத்துக் காற்றை வேகமாக வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் பதினோரு வருடம் விமான இறக்கைகளின் இரைச்சலை அளந்து, கடைசியில் அதை இல்லாமலே ஆக்கியவர்களில் சுகிர்தாவும் ஒருத்தி. இந்த வாரம்தான் அந்த இறக்கைகள் பொருத்திய விமானங்கள் ஊருக்கு மேல் பறக்கத் தொடங்கின.

இன்று குழம்பில் உப்பில்லை என்று சண்டை ஆரம்பித்தது.

"அன்னைக்கு நீ லேபுக்குப் போகாம இருந்திருந்தா..." என்றான் ஜெபசிங்.

நான்கு வருடமாக இந்தப் பேச்சை ஏதாவது ஒரு விமானம் பாதியில் நிறுத்தியிருக்கிறது. சுகிர்தா ஜன்னலைப் பார்த்தாள். விமானம் வந்தது. மொட்டைமாடிகளுக்குச் சற்று மேலே, அவள் சோதித்த இறக்கைகளோடு, சத்தமே இல்லாமல் கடந்தது.

"நம்ம பாப்பா பொழச்சிருப்பா," என்று அவன் முடித்தான்.