ஸ்பீக்கரை நிறுத்தும்மா

"சின்னக் கொழந்தைங்க கம்ப்யூட்டர்ல படிக்கிற சிடி ஒண்ணு குடும்மா" என்றான் உதயா. காசிமேட்டில் விசைப்படகு மெக்கானிக்.

ராயபுரம் சிடி கடையில் வேலை செய்யும் சினேகா ஒரு சிடியைப் போட்டாள். பாட்டு துள்ளியது.

"ஸ்பீக்கரை நிறுத்தும்மா."

சத்தம் நின்றதும், திரையில் ஒரு கரடி வாயை மட்டும் அசைத்தது.

"இது வோணாம். வேற போடு."

அடுத்தடுத்துப் போட்டவையும் அப்படியே.

"அண்ணே, பாட்டுக்காகத்தான் எல்லாரும் இத வாங்குறாங்க. வூட்ல யாருக்குனா சத்தம் ஆவாதா?"

"நீ போடும்மா. கெடைக்கிற வரிக்கும் நான் போவமாட்டேன்."

இன்னொரு சிடி. ஒரு மீன் நீந்தி வந்து நின்றது. அதன் கீழே 'மீன்' என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றின.

உதயா எழுந்தான். தெருவை வேடிக்கை பார்த்தபடி வாசலில் நின்ற மகளை அவன் கூப்பிடவில்லை. போய்த் தோளைத் தொட்டுத் திருப்பி, திரையைக் காட்டினான்.

சிறுமி மீனைப் பார்த்தாள். எழுத்துகளைப் பார்த்தாள். உள்ளங்கையை மீன் போல நெளித்து அப்பாவிடம் காட்டிச் சிரித்தாள்.

சினேகா சிறுமியின் பக்கம் திரும்பினாள்.

"பொறந்ததுலேர்ந்தே காது கேக்காதும்மா" என்றான் உதயா. "ஆனா எம்பொண்ணு படிப்பா. இத்தையே குடு."