ஒரு ரீலை வெட்டணும்

“ஒரு ரீலை வெட்டப் போறியாமே சார்? அந்தக் கல்குவாரி சண்டைய வெட்டிடு சார்.”

தியேட்டர் மேனேஜர் சண்முகவேல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எதிரே முனியம்மாள் நின்றாள். அடையாறு பிளாட்டுகளில் பாத்திரம் தேய்ப்பவள். பத்து நாளாக இந்த தி.நகர் தியேட்டருக்கு ஆட்டம் தவறாமல் வருகிறவள்.

படம் மூன்றே முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்துவிட்ட காலத்தில் யார் அவ்வளவு நேரம் உட்காருவார்கள்? இந்நேரத்துக்குத் திருப்பதிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று ஜனங்கள் மேனேஜரின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நாளையிலிருந்து ஒரு ரீலைக் குறைத்துவிடு என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

எதைக் குறைப்பது? ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். கோர்ட் காட்சி, தங்கச்சி கல்யாணம், மழைப் பாட்டு. கல்குவாரி சண்டையை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வில்லனின் அடியாள் ஒருவன் அத்தனை உயரத்திலிருந்து விழுவான். அந்த ஒரு இடத்துக்காகவே கூட்டம் வந்தது.

“அதை வெட்டினா ஸ்கிரீனைக் கிழிச்சிடுவாங்கம்மா,” என்றார் சண்முகவேல். அதில் அப்படி என்ன பிடிக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தார். அவள் மேட்னிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் வாசல் படியில் உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்தும் அவள் உள்ளே போகவில்லை. டிக்கெட் கிழிப்பவர் முன்பே சொல்லியிருந்தார். இடைவேளை முடிந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உள்ளே போவாளாம். ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுவாளாம். படம் நீளம் என்று திட்டுகிறவர்களாவது முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டுகிறார்கள். இவள் பார்ப்பதே ஐந்து நிமிஷம், அதையும் வெட்டச் சொல்கிறாள். சண்முகவேலுக்கு மனசுக்குள் என்னவோ நெருடியது.

அன்றைக்கு அவளுக்குப் பின்னாலேயே அவரும் உள்ளே நுழைந்தார்.

அவள் எந்த சீட்டிலும் உட்காரவில்லை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே முன்வரிசையையும் தாண்டிப் போய், திரைக்கு அடியில் ஓரமாக நின்றாள். மேலே குவாரி விளிம்பில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அடியாள் கால் தவறினான். கைகளை விரித்தபடி, அலறிக்கொண்டே விழுந்தான்.

முனியம்மாள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து அண்ணாந்து நின்றாள். அந்த ஆளை அதில் ஏந்திக்கொள்ளப் போகிறவள் மாதிரி. அவள் உதடுகள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லின. தியேட்டரே விசிலில் அதிர்ந்தது.

விசில் அடங்குவதற்குள் அவள் முந்தானையை மெதுவாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் சண்முகவேல் அவளை மறித்தார்.

“என்னம்மா பண்றே அங்க? பாக்கறவங்களுக்குப் பயமா இருக்கு.”

பைத்தியமோ, வேண்டுதலோ, ஏதாவது ஏவலோ என்று அவருக்குள் என்னென்னவோ ஓடியது. விடக்கூடாது என்று குறுக்கே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். வழியை விடு சார், பஸ்ஸு போயிடும் என்று மட்டும் அவள் முணுமுணுத்தாள். உள்ளே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கத்தல் அடங்கியது. மறுபடி சண்டைச் சத்தம் கேட்டது.

அப்புறம் அதே அலறல்.

முனியம்மாள் விருட்டென்று திரும்பினாள்.

“இப்பத்தானே சார் வுழுந்தாரு?”

சண்முகவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஒன்ஸ் மோர் கேக்கறாங்கம்மா. எங்க ஆபரேட்டர் வலியுல்லா ரீலைத் திருப்பி இன்னொரு தடவை ஓட்டிடுவார். முதல் நாள்லேர்ந்தே ஆட்டத்துக்கு ரெண்டு தடவை. அதைப் போய் வெட்டச் சொல்றியே.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அது நடிப்பு இல்ல சார், ஷூட்டிங்குல கயிறு அறுந்து செத்துப்போன என் வூட்டுக்காரரு. அன்னிக்குத்தான் சொந்தம்னு பக்கத்துல யாருமில்லாம போனாரு, இங்கயாச்சும் வுழுறப்பல்லாம் நான் கீழ நிக்கணும்னுதான் ஓடி ஓடி வந்துக்கினு இருந்தேன்.” அவள் உள்ளே விசில் சத்தம் வந்த பக்கம் பார்த்தபடி கேட்டாள்: “அப்போ இந்தப் பத்து நாளா, ரெண்டாவதுவாட்டி அவரு தனியாவா சார் வுழுந்தாரு?”