பையில் இருந்த பாட்டில்

"உன் தங்கச்சி புருஷன் சரியில்ல, சொல்லிட்டேன்" என்றார் பெரிய சகலை, சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"உங்களுக்கு யாருதான் சரி?" மனைவி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"நேத்து சாயந்திரம் மாடிப்படியில நின்னு போன்ல குசுகுசுன்னு பேசறான். 'பயப்படாதீங்க, அவருக்குத் தெரியாம பாட்டிலை மாத்திடறேன்'னு. என் காதாலயே கேட்டேன்."

அவள் கையில் கரண்டி ஒரு கணம் நின்றது. "யார்கிட்டயாம்?"

"முன்னாடி வேலை பார்த்தானே, அந்தப் பழைய கம்பெனிக்காரன்கிட்டதான். வேற யாரு?"

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க. அந்த இன்ஜினியரம்மா வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் எதையும் போய்க் கிளறாதீங்க."

தங்கை புருஷன் என்றால் இவளுக்கு மனசு உருகிவிடுமே என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார்.

சகலைகள் இருவரும் சேர்ந்து நடத்தும் சின்ன ஆய்வுக்கூடம் அது. கார்பன் நானோ குழாய்களைப் பிரிப்பதுதான் தொழில். ஒரு தலைமுடியை நீளவாக்கில் பல்லாயிரம் இழையாகக் கிழிக்க முடிந்தால், அதில் ஓர் இழை இருக்கும் மெலிசு. உலையிலிருந்து வரும்போதே இரண்டு ரகம் கலந்து வரும். ஒன்று, கம்பி மாதிரி மின்சாரத்தை எந்நேரமும் விட்டுக்கொண்டே இருக்கும் உலோக ரகம். இன்னொன்று, விடச் சொன்னால் விடும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். சிப் செய்கிறவர்களுக்கு இந்த ரகம் மட்டும்தான் வேண்டும்.

சோப்புத் தண்ணீரில் கலக்கி, ஜெல் அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் உலோக ரகம் நிற்காமல் ஓடிவிடும். நல்ல ரகம் ஜெல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிறகு வேறொரு சோப்புத் தண்ணீர் விட்டுப் பக்குவமாக இறக்க வேண்டும். இறக்கியதை மெஷினில் வைத்துப் பார்ப்பது சின்னவரின் வழக்கம். பெரியவருக்கு அதெல்லாம் கிடையாது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், நிறத்தைப் பார்ப்பார், "தேறிடுச்சு" என்பார்.

அப்படித் தேறி அனுப்பிய இரண்டு சரக்கு சிப் கம்பெனியில் தோற்றுத் திரும்பிவிட்டன. இன்று மூன்றாவது. கம்பெனி இன்ஜினியரே நேரில் வந்து சோதிக்கப் போகிறார். இதுவும் தோற்றால் ஆர்டர் கைவிட்டுப் போகும், கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். நான் பிரித்த சரக்கு எப்படித் தோற்கும், எவனோ கை வைக்கிறான் என்பது பெரியவரின் தீர்மானம். அந்த 'எவனோ'வைத் தேட அவர் அதிக தூரம் போகவில்லை.

"வாங்கண்ணே" என்றார் சின்னவர். கண் சிவந்திருந்தது.

"என்ன சகலை, எனக்கு முன்னாடியே வந்தாச்சு?"

"சும்மாதான். கொஞ்சம் தொடைக்கிற வேலை இருந்துச்சு."

தொடைக்கிற வேலையாம்! பெரியவர் நாற்காலியை அலமாரிக்கு எதிராகப் போட்டு உட்கார்ந்தார். இன்ஜினியரை அழைத்துவரச் சின்னவர் கீழே போனதுதான் தாமதம், பெரியவர் பாய்ந்து போய் அவருடைய பையைத் திறந்தார்.

சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், துண்டில் சுற்றியபடி, ஒரு கண்ணாடி பாட்டில். ஒட்டியிருந்த தாளில் பெரியவரின் சொந்தக் கையெழுத்து.

அலமாரியைப் பார்த்தார். அங்கேயும் ஒரு பாட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதிலும் அவர் பெயர், அவர் எழுதுவது போலவே. ஆனால் அவர் எழுதியதில்லை.

'அடப்பாவி! அசலைப் பையில அமுக்கிட்டு, போலியை எடுத்து வச்சிருக்கான்!'

 வேலை மளமளவென்று நடந்தது. போலியைக் கழிவு டிரம்மில் கவிழ்த்தார். காலியான பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பையில் வைத்தார். எடுத்துப் போகட்டும், அந்தப் பழைய கம்பெனிக்காரன் வாய் கொப்பளிக்கட்டும்! அசல் பாட்டில் அலமாரிக்குத் திரும்பியது. அன்று அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

இன்ஜினியரம்மா வந்தார். மனசு கேட்காமல் பெரியவரின் மனைவியும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள். சிப் மேல் ஒரு சொட்டு விட்டு, காயவைத்து, ஒயரை மாட்டினார்கள். மூன்று பேரும் திரையைப் பார்க்க, பெரியவர் மட்டும் சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பயமே இல்லை. திருடனுக்கு என்ன தைரியம் பாருங்கள்.

"சாரி சார்" என்றார் இன்ஜினியரம்மா. "நிறுத்தச் சொன்னா நிக்க மாட்டேங்குது. இதுலயும் உலோகம்தான் நிறைய. இனிமே எங்களால காத்திருக்க முடியாது." பெட்டியை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"இருக்கவே முடியாதே!" என்றார் சின்னவர். முகம் வெளுத்துவிட்டது.

"நடிக்காதய்யா!" பெரியவர் கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "என் பாட்டிலை உன் பையிலேர்ந்து எடுத்து நான்தான் இங்க வச்சேன். நீ வச்ச போலியை அப்பவே டிரம்ல கொட்டிட்டேன். அதுக்கு முன்னாடியே என் சரக்குல எதைக் கலந்த? அதைச் சொல்லு!"

"கொட்டிட்டீங்களா?" சின்னவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பதில் வாசலிலிருந்து வந்தது. "அவர் போன்ல பேசினது என்கிட்டதாங்க" என்றாள் மனைவி. "உங்க சரக்கு மெஷின்ல தேறலை. சொன்னா ஒத்துக்க மாட்டீங்க, தாங்கவும் மாட்டீங்கன்னு நான்தான் அவரை ராத்திரியே புதுசா பிரிச்சு, உங்க பேரையே ஒட்டி வைக்கச் சொன்னேன். நீங்க கொட்டினதுதாங்க நல்ல சரக்கு."