கிணற்றில் கடை உப்பு

“உங்க கிணத்துல யாரோ உப்பைக் கொட்டியிருக்காங்கம்மா.”

நிலத்தடி நீர் ஆய்வு அதிகாரி இப்படிச் சொன்னதும் வீட்டுக்காரியின் முகம் சுண்டிப்போனது.

“நிலமே உப்பாப் போச்சோ என்னவோ மேடம்...” என்று இழுத்தாள்.

“நிலத்து உப்பு தனியா வராதும்மா. மக்னீசியம், கால்சியம்னு கூட்டம் சேர்த்துக்கிட்டுதான் வரும். தெருவுல மத்த கிணறெல்லாம் அப்படித்தான் இருக்கு. உங்க கிணத்துல வெறும் உப்பு மட்டும் ஏறியிருக்கு. இது கடை உப்பு!”

வருஷக்கணக்காகத் தண்ணீரைச் சோதித்தவளுக்கு மனுஷர்களைச் சோதிக்கத் தெரியாதா? அதிகாரியின் பார்வை மதில் பக்கம் போனது. அங்கே ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மறைந்தது.

“யாரது?”

“என் ஓரகத்தி.”

“பேச்சுவார்த்தை?”

“கிடையாது.”

ஏன் கிடையாது என்பதை வாசலில் கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

“குடிக்கத் தண்ணி கேட்டு வந்தா மேடம். இவங்க தர மாட்டேன்னுட்டாங்க. ‘உன் கிணத்துல மண்ணு விழ’ன்னு நடுத்தெருவுல நின்னு சாபம் விட்டா!”

“மண்ணுக்குப் பதிலா உப்பு விழுந்திருக்கு, அவ்வளவுதான்!” என்றது இன்னொரு குரல்.

அதிகாரி வீட்டுக்காரியிடம் திரும்பினாள். “ஒரு குடம் தந்தா குறைஞ்சா போயிடுவீங்க?”

“ஒருத்திக்குத் தந்தா தெருவே வரும் மேடம். சின்ன ஊத்து இது, ஆளாளுக்கு இறைச்சா அடியில இருக்கிற உப்புத்தண்ணி மேல ஏறிடும்னு நீங்கதானே போன தடவை சொன்னீங்க?”

சொன்னது நிஜம்தான். அதிகாரி பேச்சை மாற்றினாள். “அந்த ஓரகத்தியக் கூப்பிடுங்க.”

வந்தவளின் நடையிலேயே சண்டை இருந்தது.

“நான் எதுக்குங்க உப்பு வாங்கணும்? என் கிணத்துத் தண்ணியில சமைச்சா உப்பே போட வேண்டாம். கடைக்காரருக்கு என் முகமே மறந்துபோச்சு!”

வாசலே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவர்கள் மடியில் கனம் இருக்கும் என்பது அவள் அனுபவம்.

“குடிக்கிற தண்ணியக் கெடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா? போலீஸ், கேஸ், ஜெயில்!”

ஓரகத்தியின் சுருதி இறங்கிவிட்டது. சண்டை, ரோஷம் எல்லாவற்றையும் மறந்து வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

“அக்கா, நான் சாபம் விட்டது வாஸ்தவம். உப்பு கிப்பு எதுவும் போடலக்கா. நீயாவது சொல்லேன்!”

வீட்டுக்காரி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘இவளுக்கும் சந்தேகம் இருக்கு, வெளியில சொல்லத்தான் மனசு வரல’ என்று முடிவு கட்டிய அதிகாரி, போனை எடுத்து போலீஸ் ஸ்டேஷன் நம்பரைத் தேடினாள்.

அந்தப் போன் மேல் வீட்டுக்காரியின் கை விழுந்தது.

“அவ இல்ல மேடம். நான்தான் கொட்டினேன்.”

“என்னது! உங்க கிணத்துல நீங்களேவா? புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?”

“தெருவுக்குக் குடிதண்ணி பைப் கேட்டு நாங்க எல்லாரும் மனு குடுத்தோம். நீங்க வந்து பார்த்துட்டு, ‘ஒரு கிணறு நல்லா இருந்தாக்கூட அந்தத் தெருவுக்கு பைப் கிடையாது’ன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க. அந்த ஒரு கிணறு என்னோடது மேடம்.”

வீட்டுக்காரி நிதானமாகச் சொன்னாள்:

“இப்போ எல்லாக் கிணறும் உப்புதான். எழுதிக்குங்க.”