இருநூற்றுப் பதிமூன்றாவது சோதனை

சோதனைக் குழுவின் தலைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. மென்பொருளைக் கணினியே ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு சோதனைக்கும், ‘இது நடந்தால் அது நடக்க வேண்டும்’ என்று முழு வாக்கியமாகப் பெயர் வைக்கச் சொல்லிக் கரடியாய்க் கத்தியிருந்தாள். இன்று அவர்கள் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டும் தேறித் திரையில் பச்சையாகிவிட்டன.

“அக்கா, இருநூத்திப் பதிமூணு காட்டுதே! கடைசி டெஸ்ட் யார் எழுதினது?” என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

அவள் படித்தாள்: ‘தலைவி இதைப் படித்தால், பின்னாலிருக்கும் காலி நாற்காலி அவள் பக்கம் திரும்ப வேண்டும்.’

“யாரா இருந்தா என்னடா? நான் சொன்ன மாதிரியே, ஒரு சொல் பிசகாம எழுதியிருக்காங்க பாரு!” என்று பூரித்தாள்.

அந்த வரி மட்டும் இன்னும் முடிவு வராமல் சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. வரி பச்சையானது.