மஞ்சள் துப்பட்டா

மண் சரிவுக்குப் பிறகு எங்களைக் கொண்டுவந்து போட்ட முகாமில் பெண்களுக்கு மூன்றே குளியலறைகள். எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கதவின் மேல் துணி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தட்டக் கூடாது, தள்ளக் கூடாது, அடுத்தவள் துணியைத் தொடவே கூடாது. உள்ளேயும் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டுதான் குளித்தோம். நாலாம் நாள் காலை, மூன்றாவது கதவில் அலசியும் சேறு போகாத ஒரு மஞ்சள் துப்பட்டா தொங்கியது. எதிரே சிட்டம்மா, மடித்த சுடிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வசுமதி குளிக்கிறா. இப்ப வந்துருவா” என்றாள்.

சிட்டம்மாவின் மகள் வசுமதியைத் தேடி மண்ணைத் தோண்டியபோது அந்தத் துப்பட்டா மட்டும்தான் கிடைத்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்ச்சண்டைக்குப் பேர்போன காத்தாயிகூட வாளியோடு பக்கத்துக் கதவுக்கு நகர்ந்தாள். அன்றிலிருந்து முகாம் மூடும்வரை முப்பத்தெட்டு நாளும் மீதி இரண்டு கதவுகளுக்கு முன்னால்தான் வரிசையில் நின்றோம். குளிக்காமலே திரும்பிய நாட்களும் உண்டு.

முகாமை மூடிய அன்று, கதவுகளைக் கழற்ற வந்த ஆள் துப்பட்டாவில் கை வைத்தான்.

“உள்ள ஆள் இருக்கு!”

அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினோம். அவன் பதறிக் கையை எடுத்தான். சிட்டம்மா மட்டும் கத்தவில்லை. எழுந்து போய், முதல் முறையாக அந்தக் கதவைத் தட்டினாள்.

பதில் வருமென்று நாங்களும் நின்றோம்.